“நம்ம கார்லதான் கேட்டேன் டீச்சர்!”

ஆம்பூர்ப் பக்கம் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். வீடு பேரணாம்பட்டில். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் சாலையில்தான் கழிகிறது. பல ஆண்டுகள் பேருந்தில் போய்வந்தேன். பிறகு தவணையில் ஒரு பழைய கார் வாங்கினேன். கார் வந்ததும் நான் மட்டும் போகவில்லை. என் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன், பக்கத்து வீட்டுச் சிறுமி, வழியில் ஒரு கூட்டுச்சாலையில் ஏறிக்கொள்ளும் ஒரு சிறுவன் என மூன்று பேர் பின்னிருக்கையில் சேர்ந்துகொண்டார்கள்.

சிறுமி இரண்டாம் வகுப்பு. அவள் அம்மா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார். விடிந்ததும் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். நம் பகுதியில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இந்தக் காட்சியைச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் பேருந்துகள், டிபன் பாக்ஸ் பைகள், வாசலில் நின்று கையசைக்கும் பிள்ளைகள். அம்மா போன பிறகு அந்தச் சிறுமிக்குத் தலைவாரிவிடுவது என் அம்மா. சிறுவன் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் உருது பேசுவார்கள். அவன் அப்பாவுக்கு டேனரியில் வேலை. காலையில் அவனுடைய நானி, அதாவது அம்மாவின் அம்மா, கையைப் பிடித்து அழைத்துவந்து காரில் ஏற்றிவிடுவார்.

காரில் பாட்டு ஓடும். என் தம்பி ஒரு பென் டிரைவ் நிறையப் புதுப் படப் பாட்டுகளைப் பதிந்து கொடுத்திருந்தான். நான் அவற்றைக் கேட்டேன் என்று சொல்வதைவிட, அவை ஓடின என்று சொல்வதுதான் சரி. என் மனம் அன்றைய பாடக்குறிப்பிலும் சாலையில் குறுக்கே வரும் இருசக்கர வண்டிகளிலும் இருக்கும். பின்னால் மூன்று பேர் கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பது தோன்றவே இல்லை.

ஒரு நாள் எங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெற்றோர் வந்து அமர்ந்தார்கள். கூட்டம் தொடங்கக் கொஞ்சம் தாமதமானது. “யாராவது ஒரு பாட்டுப் பாடுங்க பார்க்கலாம்” என்று பிள்ளைகளைக் கேட்டோம். பக்கத்து வீட்டுச் சிறுமி உடனே எழுந்து முன்னால் வந்தாள். நல்ல குரல். சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. அவள் பாடியது குடித்துவிட்டு ஆடும் ஒருவனின் பாட்டு. கையில் பாட்டிலைப் பிடித்திருப்பதுபோல் அபிநயம் வேறு. பெரியவர்கள் சிரித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். ஒருவர் “எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டார். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் முடிந்ததும் நான் செய்ததுதான் பெரிய தவறு. அம்மாவை வைத்துக்கொண்டே அவளிடம், “வீட்டுல டிவியில இதெல்லாமா பார்க்கிற?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். நம்ம கார்லதான் கேட்டேன். தினிக்கும் போடுறீங்களே” என்றாள்.

அதில் குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. “கெளம்புறேன் டீச்சர், மத்தியானம் ஷிப்டுக்குப் போவணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு பென் டிரைவில் இருந்த அத்தனை பாட்டுகளையும் அழித்தேன். அழித்த கையோடு வேறொன்று செய்தேன். அதுவும் தவறு என்று தெரிய இரண்டு வாரம் ஆனது. வாய்ப்பாட்டுப் பாட்டு, ஆங்கில மாதங்களின் பாட்டு, ஆங்கில எழுத்துப் பாட்டு, நல்லொழுக்கப் பாட்டு என்று ‘பயனுள்ள’ பாட்டுகளாகத் தேடி நிரப்பினேன். மறுநாள் முதல் கார் ஒரு வகுப்பறையாகிவிட்டது. நல்ல வகுப்பறை அல்ல. என் மகன் ஏறியதும் தூங்கினான். சிறுவன் சன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டு வந்தான். சிறுமி வாயைத் திறக்கவே இல்லை. காரில் மட்டுமல்ல. வகுப்பில் எண்ணும் எழுத்தும் பாட்டுகளுக்கு மற்றவர்கள் எழுந்து ஆடும்போதும் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “நீயும் பாடேன்” என்றால் தலையை ஆட்டுவாள்.

அந்தப் பாட்டின் பொருள் அவளுக்குத் தெரியாது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் பாட்டை முதலில் ஓசையாகத்தான் பிடிக்கிறார்கள். பொருள் பின்னால் வருகிறது, சில நேரம் வராமலே போகிறது. ஆகவே அந்தச் சொற்கள் அவளைக் கெடுத்தன என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பும், நான் கேட்ட கேள்வியும், அம்மாவின் குனிந்த தலையும்தான் அவளுக்கு விளங்கின. பாடினால் ஏதோ நடக்கும் என்று கற்றுக்கொண்டாள். நன்றாகப் பாடிய ஒரு பிள்ளையின் வாயை நான் மூடிவிட்டேன்.

நானியின் பாட்டு

இதிலிருந்து மீட்டது என் திறமை அல்ல. ஒரு நாள் காலையில் பென் டிரைவ் வேலை செய்யவில்லை. வண்டியை நிறுத்திச் சரிசெய்ய நேரமில்லை. பாட்டில்லாமல் போனோம். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து சன்னமாக ஒரு முனகல். சிறுவன் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தான். உருது. மூன்று நான்கு சொற்கள், திரும்பத் திரும்ப.

“என்னாடா அது?” என்றாள் சிறுமி.

“நானி பாடுவாங்க. தம்பிப் பாப்பா தூங்கறதுக்கு.”

“இன்னொரு தபா பாடு.”

பாடினான். மூன்றாம் முறை அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் அவளும் சேர்ந்தாள். பொருள் தெரியாது, உச்சரிப்பும் சரியில்லை. அவன் திருத்தினான். வகுப்பில் தமிழ் வாக்கியம் சொல்லத் தயங்கி நிற்கும் பிள்ளை, இரண்டாம் வகுப்பு அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பார்த்தேன். பள்ளி வரும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினால் அது பாடமாகிவிடும் என்ற பயம்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. பாட்டு நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட முக்கியமான கேள்வி வேறு. இந்தப் பாட்டுக்குப் பிள்ளை பதில் சொல்ல இடம் இருக்கிறதா? பழைய பாட்டுகளில் இடம் இருந்தது, ஆனால் சொல்லக்கூடாததைச் சொல்லவைத்தது. புதிதாக நான் நிரப்பியவற்றில் இடமே இல்லை; காதை நிறைத்துக்கொண்டே போயின. வகுப்பில் பிடிக்காவிட்டால் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போகலாம், சன்னல் பக்கம் திரும்பலாம். ஓடும் காரில் எங்கே போகும்? பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் போடுவதைக் கேட்பதைத் தவிர வழியில்லை. அந்த வழியில்லாமையை நினைத்துத்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நானியின் பாட்டை உருதுவில் லோரி என்பார்கள். நம் பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகளும் நிறைய, அங்கே லாலி. நமக்குத் தாலாட்டு. தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று நாமே வகுப்பில் சொல்லியிருக்கிறோம். மூன்று மொழிப் பெயரிலும் நாக்கு மேலே போய்த் தொடும் ஓசை இருப்பதைப் பாருங்கள். அடுத்த வாரம் என் வகுப்பில், “உங்க வீட்டுல பாப்பாவைத் தூங்கவைக்க யாரு என்ன பாடுவாங்க?” என்று கேட்டுப் பாடவைத்தேன். மூன்று மொழிகளும் வந்தன. ஒரு பிள்ளை, “எங்க அம்மா செல்லுல போட்டுவிடுவாங்க” என்றது. சிரிக்கவில்லை. பகல் முழுக்க நின்றும் குனிந்தும் வேலை பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்குச் செல்போன் பாடிக்கொடுக்கிறது.

பாட்டு எடுத்த விதம்

ஒரு நோட்டுப் போட்டேன். பாட்டை முதலில் நான் தனியாக, இரவில், சொற்கள் காதில் விழும்படி முழுவதும் கேட்பேன். இது மிகச் சாதாரண விஷயம். ஆனால் அதற்குமுன் ஒருமுறைகூட நான் செய்ததில்லை. பிறகு நானே ஒருமுறை பாடிப் பார்ப்பேன். எனக்கு மூச்சு வாங்கினால் அவர்களால் பாட முடியாது. சொற்கள் தெளிவாகவும், ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்குமுன் சற்று இடைவெளியும் உள்ள பாட்டுகள் தேறின. பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் பல பாட்டுகள் இதில் தேறவில்லை என்பது எனக்கு வியப்பு. பின்னணியில் இத்தனை கருவிகள், இத்தனை வேகம். குரல் அவற்றுக்கு அடியில் எங்கோ கிடக்கிறது. படத்தோடு பார்த்தால் பிள்ளைகள் அசையாமல் பார்ப்பார்கள். படம் இல்லாமல் காரில் போட்டால் பாட்டில் ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிடும்.

தேறியவற்றில் முதலிடம் அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளுக்கு. 1922-இல் புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் பிறந்தவர். வங்கியில் பணிபுரிந்துகொண்டே ஆயிரக்கணக்கில் குழந்தைப் பாடல்கள் எழுதியவர். அவர் அடிகள் குறுகியவை. எதுகையும் இயைபும் காதில் தட்டும்படி விழும். ஓர் அடியைக் கேட்டதும் அடுத்த அடியின் கடைசிச் சொல்லைப் பிள்ளையே ஊகித்துவிடும். இந்த ஊகம்தான் வாசிப்புக்கு அடிப்படை என்பதை எண்ணும் எழுத்தும் பயிற்சியிலிருந்து நாம் எல்லோரும் அறிவோம். ஓசையில் ஒத்துப்போகும் சொற்களைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் பிடிபடுகிறது. பாடநூலில் உள்ள விரைவுக் குறியீட்டை ஸ்கேன் செய்து கிடைக்கும் பாட்டுகளும் உதவின. அவற்றில் சிலவற்றை என் குரலிலேயே மெதுவாகப் பாடிச் செல்போனில் பதிந்துகொண்டேன். என் குரல் சுமார்தான். பிள்ளைகளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

எண்ணிக்கை குறைவு. வாரத்துக்கு மூன்று பாட்டு, அதற்குமேல் இல்லை. நமக்கு அலுக்கும், அவர்களுக்கு அலுக்காது. திங்களன்று கேட்பார்கள், செவ்வாயன்று கடைசிச் சொல்லுக்குச் சேர்வார்கள், வியாழனுக்குள் நான் ஒலியைக் குறைத்தாலும் அவர்கள் பாட்டு நிற்காது. அந்த வியாழக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்கள்.

சினிமாப் பாட்டை ஒதுக்கவில்லை. ஒதுக்கவும் முடியாது, தெருவில், திருமணத்தில், டீக்கடையில் அதுதான் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் முறை. ஆளுக்கு ஒரு பாட்டுச் சொல்லலாம். நான் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போடுவேன். போடமுடியாதது என்றால், “இது பெரியவங்க பாட்டு” என்று மட்டும் சொல்வேன். முகம் சுளிப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் முறை என்று சொல்லி வாணி ஜெயராம் பாட்டு ஒன்றைப் போட்டேன். 1945-இல் நம் வேலூரில் பிறந்தவர். எத்தனையோ மொழிகளில் பாடினார், மூன்று முறை தேசிய விருது பெற்றார், 2023-இல் மறைந்தார். 1971-இல் வந்த ‘குட்டி’ என்ற இந்திப் படத்தில் பள்ளிப் பிள்ளைகள் பாடும் ஒரு பிரார்த்தனைப் பாட்டு அவருடையது. பிற்காலத்தில் வட இந்தியாவில் பல பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டத்தில் அது பாடப்பட்டது. “நம்ம வேலூரா?” என்று மூன்று முறை கேட்டாள் சிறுமி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ழகரத்துக்கு ஒரு பயணம்

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழம் ‘பயம்’ ஆகிவிடும். வாழைப்பழம் ‘வாயப்பயம்’. உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் சரி, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் சரி, இதில் வேறுபாடில்லை. “நாக்கை மடக்கு, மடக்கு” என்று வகுப்பில் சொன்னால் பிள்ளை வாயைத் திறந்து காட்டி நிற்கும். பாட்டில் மட்டும் அது தானாக வருகிறது. ஏனென்றால் பாட்டில் நிற்க நேரம் இருக்கிறது.

ஆகவே நாங்களே ஒரு கேள்விப் பாட்டுக் கட்டினோம். நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள். பதிலில் ஒரு ழகரமாவது இருக்க வேண்டும். ராகம் எதுவானாலும் சரி.

வண்டி வண்டி எங்கே போறே?
வாழைத்தோப்பு ஓரம் போறேன்.
ஓரம் போயி என்ன பார்த்தே?
ஏழு கோழி மேயப் பார்த்தேன்.
கோழி கோழி என்ன கேட்டே?
கீழே விழுந்த பழத்தைக் கேட்டேன்.

முதல் மூன்று பதில்தான் நான் சொல்லிக்கொடுத்தது. மறுநாளிலிருந்து அவர்கள் கட்டினார்கள். கிழங்கு வந்தது, மழை வந்தது, தாழ்ப்பாள் வந்தது. என் மகன் ‘கழுதை’யைக் கண்டுபிடித்துவிட்டு ஒரு வாரம் அதையே எல்லாக் கேள்விக்கும் பதிலாகச் சொன்னான். சிறுவன் ஒரு நாள் ‘புழுதி’ என்றான். முன்னால் லாரி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை எங்கே பிடித்தான் என்று தெரியவில்லை. ‘புயுதி’ என்று தொடங்கி, தானே நிறுத்தி, ‘புழுதி’ என்றான். இந்தப் பாட்டை வகுப்பில் இரண்டு குழுவாகப் பிரித்து நீங்களும் செய்து பார்க்கலாம். கார் தேவையில்லை.

டிரம் என்றால் எது?

இன்னொரு நாள் பறையிசை ஒன்றைப் போட்டேன். “இது என்ன சத்தம், சொல்லுங்க?” என்றேன். “மேளம்” என்றான் என் மகன். “டிரம்னும் சொல்லலாம்” என்றேன் நான்.

சிறுவன் ஒத்துக்கொள்ளவில்லை. “இல்ல டீச்சர். டிரம் இவ்ளோ பெருசா இருக்கும். சுத்தும். எங்கப்பா அதுலதான் தோல் போடுவாரு.”

டேனரியில் தோலையும் தண்ணீரையும் ரசாயனத்தையும் போட்டு உருட்டும் பெரிய மர உருளைக்கு டிரம் என்றுதான் பெயர். அவன் சொன்னது முழுக்கச் சரி. இரண்டு டிரம்மிலும் தோல் உண்டு என்று நான் சொன்னதும் கார் அமைதியானது. பிறகு கேள்விகள். “அப்போ எங்கப்பா செய்யற தோலுல மேளம் கட்டலாமா?”

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மேளத்துக்குப் பதனிட்ட தோல் ஆகாது. முன்பு ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு; எதைக்கொண்டு பதனிட்டாலும் தோல் அழுகாமலும் வளைந்து கொடுக்கும்படியும் ஆகிறது. ஷூவுக்கு அதுதான் வேண்டும். மேளத்துக்கு வேண்டியது பதனிடாத, முடி நீக்கி இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத்தோல். அது விறைத்து நின்றால்தான் அதிரும். பறையை வாசிக்குமுன் தீயில் காட்டுவது ஈரத்தைப் போக்கி இன்னும் விறைப்பாக்கத்தான். மிருதங்கத்தில் ஆடு, மாடு, எருமைத் தோல்கள் சேர்ந்திருக்கின்றன.

இதை அப்படியே ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்ற நால்வகைப் பாகுபாடு பிள்ளைகளுக்கு மனப்பாட வரியாகத்தான் இருந்தது. சிறுவனின் அப்பா ஒரு விடுப்பு நாளில் வந்து, வெட்டி எறியும் தோல் துண்டுகளைக் காட்டி, தோல் எந்தெந்த வேலைகளைக் கடந்து வருகிறது என்று சொன்னார். ஒரு தோல் துண்டையும் கிழிந்த பலூன் ரப்பரையும் இரண்டு டப்பாக்களின் வாயில் இழுத்துக் கட்டித் தட்டிப் பார்த்தோம். தோல் ‘தொப்’ என்றது. பலூன் ‘டம்’ என்றது. பறையைப் பற்றிப் பேசும்போது ஒரு பிள்ளை, “அது சாவு மேளம்தானே?” என்று கேட்டது. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகமுடியாது. அன்றைய பாடவேளை முழுவதும் அதற்கே போனது; யார் வாசிக்கிறார்கள், ஏன் சிலர் மட்டும் வாசிக்கவேண்டியிருந்தது, இன்று கலைத்திருவிழா மேடையில் யார் வேண்டுமானாலும் கற்று வாசிக்கிறார்களே என்றெல்லாம் பேசினோம்.

ஒலி எவ்வளவு?

டேனரிகள் உள்ள பகுதியைக் கடக்கும்போது வாடைக்காகச் சன்னல்களை ஏற்றிவிடுவோம். அப்போதுதான் உள்ளே பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடியிருக்கிறது என்பது தெரியும். வெளிச்சத்தத்தை மீற ஒலியைக் கூட்டுகிறோம். சன்னலை ஏற்றிய பிறகு குறைக்க மறக்கிறோம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவிகளுக்கு வகுத்த தரத்தில், பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்று வரம்பு உள்ளது. ஒலி 3 டெசிபல் கூடினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகிவிடும். டெசிபல் அளக்கக் கருவி நம்மிடம் இல்லை. நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: பின்னிருக்கையிலிருந்து ஒரு பிள்ளை சாதாரணமாகப் பேசினால் எனக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பாட்டு அதிகம். வண்டி நகர்ந்த பிறகு நான் செல்போனைத் தொடுவதில்லை. பாட்டு வரிசை இரவே முடிவாகிவிடும்.

மாலையில் முதல் பத்து நிமிடம் பாட்டே கிடையாது. இது தற்செயலாக வந்த பழக்கம். ஒருநாள் தலைவலியில் போடாமல் விட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் அன்று பள்ளியில் நடந்தது அத்தனையும் வெளியே வந்தது. யார் யாரை அடித்தது, யாருக்குச் சாப்பாட்டில் முட்டை உடைந்து கிடைத்தது, யார் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இவற்றை எந்தப் பதிவேட்டிலும் நான் படித்திருக்க முடியாது.

எல்லா ஆசிரியர்களிடமும் கார் இல்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வருவது ஆட்டோவில். எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோ அண்ணனிடம் தயங்கித் தயங்கித்தான் பேசினேன்.

“அண்ணே, பசங்க இருக்கும்போது பாட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடறீங்களா?”

“பாட்டு இல்லன்னா அடிச்சிக்கினே வருதுங்க டீச்சர்” என்றார்.

“நிறுத்தச் சொல்லலண்ணே. நான் ஒரு பென் டிரைவ் தரேன்.”

வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, “ஒரே பாட்டையே தினிக்கும் கேக்குதுங்க, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி” என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஒன்று சொன்னார்: “சவுண்டைக் கம்மி பண்ணா பசங்களும் கம்மி பண்ணிக்குதுங்க டீச்சர்.” மேலே சொன்ன டெசிபல் கணக்கைவிட இது எனக்கு நன்றாக விளங்கியது.

சிறுமியின் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்க ஒரு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போனேன். “அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா. தப்பு என்னுது. என் வண்டியில ஓடின பாட்டு அது” என்றேன். “அட விடு டீச்சர்” என்றார். ஆனால் கையில் இருந்த துணியைக் கொஞ்ச நேரம் பிழியாமலே வைத்திருந்தார். “அவளே கேட்டா, ஏம்மா எல்லாரும் சிரிச்சாங்கன்னு. எனக்குச் சொல்லத் தெரியல” என்றார்.

சிறுமி இன்னும் மேடையேறிப் பாடவில்லை. கலைத்திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கிறாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வற்புறுத்தவில்லை. வகுப்பில் குழுவோடு பாடுகிறாள், கைகட்டி நிற்பதில்லை. காரில் அவள்தான் தொடங்கிவைக்கிறாள். நானியின் லோரி இப்போது மூன்று பேருக்கும் முழுசாகத் தெரியும். நானிக்கே இது தெரிந்து, ஒரு நாள் கூட்டுச்சாலையில் காரின் சன்னலில் குனிந்து ஒரு சொல்லைத் திருத்திவிட்டுப் போனார்.

போன வாரம் அவள் அம்மா கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், ஏழு கோழின்னு ஏதோ ஒண்ணு ராத்திரியெல்லாம் பாடறா. என்னையும் பதில் சொல்லச் சொல்றா, எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. அதை என் செல்லுக்கு அனுப்பி வையேன். பஸ்ல கேட்டுக்கினே போறேன்.”

பஸ் வந்துவிட்டது. ஏறி, சன்னல் பக்கம் உட்கார்ந்து, அங்கிருந்து கத்தினார்: “அதுல ழ வரணுமாமே?”